ஊராட்சித் தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுவது குறித்து ஒரு கேள்வி

மேலூர்ப் பக்கத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மேலூர் வட்டத்தில் உள்ள ஒரு சிறிய ஊராட்சியைச் சேர்ந்தவன் நான். மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவேன். ஊரின் பெயரை எழுத விரும்பவில்லை. அதற்கான காரணம் கீழே படித்தால் விளங்கும்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பழைய தலைவரின் பதவிக்காலம் முடிந்தது முதல் தனி அலுவலர் பொறுப்பில்தான் எங்கள் ஊராட்சி நடந்து வருகிறது. தேர்தல் எப்போது வந்தாலும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, திருவிழா வரவு செலவு படித்த கையோடு ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கோயில் திருப்பணி பாதியில் நிற்கிறது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூலித்தால் ஏழைபாழைகளால் கொடுக்க முடியாது, ஆகவே இந்த முறை தலைவர் பதவியை ஏலம் விட்டு, யார் அதிகத் தொகைக்குக் கேட்கிறாரோ அவர் ஒருவர் மட்டும் மனுப்போடுவது, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது என்பதே அந்தப் பேச்சு. பதினைந்து லட்சம் வரை கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறாராம். துணைத்தலைவர் பதவிக்குத் தனியாக ஏலம் என்றும் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் கண்மாய் மீன், புளியமரம், திருவிழாக் கடை எல்லாமே ஏலத்தில்தான் போகின்றன. அந்தப் பணம் பொதுக்காரியத்துக்கே செலவாகிறது என்பதும், கணக்கில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்பதும் உண்மை. எனவே கூட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது தவறாகவே படவில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் பூசாரி சூடத்தட்டை எடுத்து வந்தார். ஏலம் எடுத்தவருக்கு எதிராக மனுப்போடுவதில்லை என்று தலைக்கட்டுக்கு ஒருவர் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. தேர்தலில் நிற்க எண்ணியிருந்த என் பெரியப்பா மகன் தட்டின் பக்கமே போகாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் பின்வாங்கவே, கூட்டம் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று இரவே எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பெரியவர்கள், ஊரை எதிர்த்து நின்றால் நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைச் சொல்லத்தான் வந்தார்கள்.

தனிமனிதர் யாரும் பணம் வாங்காமல் கோயிலுக்கே முழுத் தொகையும் போகும்போது சட்டப்படி இது குற்றமாகுமா? தேர்தல் அறிவிப்பே வராத நிலையில் புகார் கொடுத்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா, அப்படியானால் அதைக் காவல் நிலையத்தில் கொடுப்பதா, ஆட்சியரிடம் கொடுப்பதா, தேர்தல் ஆணையத்திடமா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். அஞ்சாமல் எதிர்த்து நில்லுங்கள் என்ற அறிவுரையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் அந்த ஊரில்தான் தொடர்ந்து குடியிருக்க வேண்டும்.

ஒத்தக்கடை வழக்கறிஞர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடலாம்: குற்றம்தான். பணம் கோயிலுக்குப் போகிறது என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 169ஆம் பிரிவு ‘தேர்தல் உரிமை’ எது என்று வரையறுக்கிறது. வாக்களிப்பதும் வாக்களிக்காமல் இருப்பதும் மட்டுமே அந்த உரிமை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, போட்டியிலிருந்து விலகிக்கொள்வது ஆகியவையும் அந்த வரையறைக்குள் வருகின்றன. அந்த உரிமையை ஒருவர் குறிப்பிட்ட விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு யாருக்கு எந்த ஆதாயத்தைக் கொடுத்தாலும் 170ஆம் பிரிவின்படி அது கையூட்டு. தனக்காகவோ பிறருக்காகவோ அதைப் பெற்றுக்கொள்வதும் கையூட்டே. உங்கள் ஊரில் ஏலம் எடுப்பவர் பதினைந்து லட்சம் கொடுப்பது எதற்காக? உங்கள் பெரியப்பா மகனைப் போன்றவர்கள் மனுப்போடாமல் இருப்பதற்காக. பணம் அவர்கள் கைக்குப் போகாமல் கோயில் உண்டியலுக்குப் போவதால் கொடுத்தவரின் நோக்கம் மாறிவிடாது; வாங்கி வரவு வைக்கும் பொருளாளரும் விலக்கு கோர முடியாது. 173ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் தண்டனையாக விதிக்கப்படலாம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171-பி, 171-இ என்று இருந்தவைதாம் இப்போது இந்த எண்களில் இருக்கின்றன.

சூடத்தட்டு விஷயம் என்னை இன்னும் அதிகமாகக் கவலைப்பட வைக்கிறது. 171ஆம் பிரிவு, தேர்தல் உரிமையைச் சுதந்திரமாகப் பயன்படுத்த விடாமல் தலையிடுவதைத் தகாத செல்வாக்கு என்கிறது. தீங்கு நேரும் என்று மிரட்டுவதோடு, தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைப்பதும் அதில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1920இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்த வாசகத்தை எழுதியவருக்கு நம் ஊர் மந்தைகளைப் பற்றி யாரோ எடுத்துச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. நல்லது கெட்டதுக்கு வரமாட்டோம் என்று வீடு தேடி வந்து சொன்னதையும் சூழ்நிலையைப் பொறுத்து இதே பிரிவின் கீழ் வாதிடலாம்.

நடைமுறையில் உள்ள சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையூட்டும் தகாத செல்வாக்கும் நீதித்துறை நடுவரின் உத்தரவில்லாமல் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றங்கள் அல்ல. நீங்கள் நிலையத்துக்குப் போனால் மனுவைப் பெற்று சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசி அனுப்புவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தப் பேச்சில் உங்கள் பெயர் ஊருக்குத் தெரிந்துபோகும் என்பதே உங்களுக்கு மிஞ்சும். எனவே ஏலம் இன்னும் நடக்காத இந்த நிலையில், மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஒப்புகை அட்டையோடு கூடிய விரைவுத் தபாலில், வரவிருக்கும் கூட்டத்தைத் தடுக்கக் கோரி மனு அனுப்புவதே பயன்தரும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும், உள்ளாட்சித் தேர்தலில் மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற பொறுப்பும் ஆட்சியரிடமே இருக்கின்றன. வாக்காளர் அட்டை தருகிற இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் ஊராட்சித் தேர்தலுக்கும் தொடர்பில்லை. அதற்கு மனு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனுவுக்கு எந்த அசைவும் இல்லையென்றால், அந்த மனுவைப் பரிசீலித்து உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். எடுத்த எடுப்பில் நீதிமன்றத்துக்கு ஓடுவதைவிட, கையில் ஒப்புகை அட்டையோடு போவது நல்லது.

வாடிப்பட்டி விவசாயி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் இருப்பவன் பார்வையிலிருந்தும் யாராவது ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் 34,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் செலவு செய்து வென்ற ஒருவரை என் வயதுக்கு நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்து ஊரில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுக்கு இவ்வளவு என்று மூவரும் கொடுத்தார்கள், பத்து நாள் இரவும் பகலும் கறிச்சோறும் சாராயமும் ஓடின, தோற்ற இருவரில் ஒருவர் கிணற்றடி நிலத்தை விற்றார். அண்ணன் தம்பி வீடுகளுக்குள் இன்று வரை பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவு பணமும் யாருக்கும் உதவாமல் போயிற்று. அதே பணம் ஏலமாக வந்திருந்தால் அந்த ஊருக்கு ஒரு கல்யாண மண்டபமாவது மிஞ்சியிருக்கும்.

2009 ஜனவரியில் திருமங்கலம் சட்டமன்ற இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பணம் எப்படிப் பாய்ந்தது என்பது நாடறிந்த கதை. திருமங்கலம் ஃபார்முலா என்று நம் மாவட்டத்து ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கட்சிக்காரரிடம் ஆளாளுக்கு உறை வாங்கிக்கொள்வதை யாரும் பெரிய குற்றமாகப் பேசுவதில்லை. ஊரே சேர்ந்து சாமிக்கு வாங்கினால் மட்டும் ஜனநாயகம் செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். குஜராத்தில் போட்டியில்லாமல் ஒருமனதாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளுக்கு ‘சம்ரஸ்’ என்ற பெயரில் அரசாங்கமே ஊக்கத்தொகை கொடுக்கிறது. அங்கே பரிசு, இங்கே சிறையா? மேலூர் நண்பரின் பெரியப்பா மகன் ஊருக்கு நல்லது செய்ய விரும்பினால் கூட்டத்திலேயே எழுந்து பேசியிருக்கலாமே.

ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலக ஊழியர், திருமங்கலம், எழுதியது:

வாடிப்பட்டி அண்ணன் எழுதியதில் பாதி நியாயம் இருக்கிறது. செலவு வரம்பைப் பற்றியும், தோற்றவர் நிலம் விற்பதைப் பற்றியும் அவர் சொன்னது அப்படியே உண்மை. ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பதிலும் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. 2019 டிசம்பர் தேர்தலில் தமிழ்நாட்டில் 18,000-க்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர்கள் போட்டியின்றித் தேர்வானார்கள். அவர்களில் பெரும்பாலோர் எதிர்த்து நிற்க ஆளில்லாத சின்ன வார்டுகளைச் சேர்ந்தவர்கள். நல்ல மனிதர் ஒருவரைப் பார்த்து, நீங்களே இருங்கள் என்று ஊர் ஒதுங்குவது வேறு. அதிகத் தொகை சொன்னவரைத் தவிர மற்ற அனைவரையும் சத்தியத்தால் கட்டிப்போடுவது வேறு. குஜராத் திட்டத்திலும் பணம் அரசிடமிருந்து ஊருக்கு வருகிறதே தவிர வேட்பாளரின் மடியிலிருந்து வருவதில்லை. அந்தத் திட்டத்தையும் நான் மெச்சவில்லை என்பது தனி விஷயம்.

பணிக்காலத்தில் பல உள்ளாட்சித் தேர்தல்களில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு நாளில் நாம் காட்டுகிற அக்கறை அத்தனையும், விரலில் மை வைப்பதும், வாக்குப் பெட்டிக்கு முகவர்கள் முன்னால் முத்திரையிடுவதும், மனு விலக்கிக்கொள்ளும் நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குள் முடிந்துபோன ஒரு தேர்தலைக் காப்பாற்றாது. அந்த நாளில் ஒன்றிய அலுவலக வாசலில் வேன் ஒன்று வந்து நிற்கும். முன்னும் பின்னும் ஆட்கள் வர, நடுவில் ஒருவர் வந்து விலகல் படிவத்தைக் கொடுப்பார். இது உங்கள் கையெழுத்துத்தானா என்று அதிகாரி கேட்பார். ஆமாம் என்பார். அதற்கு மேல் கேட்க அவருக்கு விதி இடம் தரவில்லை. கண்ணைப் பார்த்தால் காரணம் தெரியும். ஆனால் கண்ணைப் பார்த்ததைக் கோப்பில் எழுத முடியாது. மீதி ஒரே மனு இருந்தால் அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த ஊராட்சிக்குப் போய்விடுவோம்.

ஏலத்தொகை ஏன் அவ்வளவு உயர்கிறது என்பதையும் மேலூர்த் தம்பி ஒரு கணக்கராக யோசித்துப் பார்க்கலாம். ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். ஐந்தாண்டுக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய். அதற்காக எவரும் பதினைந்து லட்சம் கொடுப்பதில்லை. ஊராட்சிக் கணக்கிலிருந்து காசோலை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால்தான் துணைத்தலைவர் பதவிக்கும் தனி விலை வைக்கிறார்கள். துணைத்தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆகவே அந்த ஏலம் செல்லுபடியாக வேண்டுமென்றால் வார்டுகளையும் முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும். ஒரு பதவியில் தொடங்கியது ஊராட்சி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பிறகு குழாய் இணைப்புக்கும், வீட்டு வரைபட அனுமதிக்கும், தெருவிளக்குக்கும் உங்கள் ஊர்க்காரர்களே அந்தப் பதினைந்து லட்சத்தைத் தவணையில் திருப்பிக் கட்டுவார்கள்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதைப் பேசும்போது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளையும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையும் மறந்துவிட முடியாது. 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து பத்தாண்டுக் காலம் அங்கே தேர்தல் திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டது. ஒன்று மனுவே வராது. அல்லது ஊர் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். காகிதத்தில் பார்த்தால் எந்த விதிமீறலும் தெரியாது. 2006 அக்டோபரில்தான், அன்றைய ஆட்சியர் உதயசந்திரன் ஊர்ப் பெரியவர்களோடும் ஒடுக்கப்பட்ட மக்களோடும் சலிக்காமல் பேசி, அந்த ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடக்க வழி செய்தார். உங்கள் வட்டத்திலேயே மேலவளவில் நடந்தது அதைவிடக் கொடியது. மிரட்டலை மீறி நின்று வென்ற தலைவர் முருகேசனையும் உடன் பயணம் செய்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் பேருந்திலேயே வெட்டிக் கொன்றார்கள். அதற்கும் கோயில் ஏலத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். யார் மனுப்போடலாம், யார் போடக்கூடாது என்பதை ஊர் தீர்மானிக்கும் என்கிற அதிகாரம்தான் இரண்டிலும் இருக்கிறது. 2019 டிசம்பரில் சாத்தூர் வட்டாரத்தில் தலைவர் பதவி ஏலத்தை எதிர்த்துக் கேட்ட இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கூட்டத்திலேயே எழுந்து பேசியிருக்கலாமே என்று வாடிப்பட்டி அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

மேலூர்த் தம்பிக்குச் செய்முறையாக ஒன்று. தலைவர் பதவிக்கு மனுப்போடப் பொதுப் பிரிவினருக்கு 600 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 300 ரூபாயும் காப்புத்தொகை. பணம் தடையில்லை. தடையாக வருவது முன்மொழிபவர். அவர் அதே ஊராட்சியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்பதால் ஊர் முதலில் வேட்பாளரை விட்டுவிட்டு அவரைத்தான் மடக்கும். ஆகவே யார் முன்மொழியப் போகிறார் என்பது மனுக் கொடுக்கும் நாள் வரை வெளியே தெரியக்கூடாது. இன்னொன்று, ஊராட்சிக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2025 டிசம்பர் 19 அன்று சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டென்றாலும், வெளியூரில் வேலை பார்ப்பதால் வீட்டில் இல்லை என்று நீக்கப்பட்டவர்களும் உண்டு. நிற்கப் போகிறவர், முன்மொழியப் போகிறவர், மதுரையில் தங்கி வேலை பார்க்கும் நீங்கள், மூவருடைய பெயரும் பட்டியலில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுப் பரிசீலனை நாளன்று பெயர் இல்லை என்று தெரிந்தால் எந்தச் சட்டமும் உதவாது.

முன்னாள் வார்டு உறுப்பினர், அலங்காநல்லூர் ஒன்றியம், எழுதியது:

ஆண்கள் மட்டுமே எழுதிக்கொண்டிருப்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனால் பெண்ணுக்கு ஒதுக்கிய பதவியை மந்தையில் ஏலம் விட்டால் அங்கே பெண் ஒருத்தி கூட உட்கார்ந்திருக்க மாட்டாள். ஏலம் கேட்பவர் ஆண், சத்தியம் செய்பவர் தலைக்கட்டு என்பதால் அவரும் ஆண், மனுவில் கையெழுத்துப் போடுகிற மனைவிக்கு மறுநாள் காலையில்தான் விஷயமே தெரியும். தலைக்கட்டுக்கு ஒருவர் என்கிறபோதே, விதவைகளும், தனித்து வாழும் பெண்களும், பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளும் ஊரின் கணக்கில் வராமல் போய்விடுகிறார்கள். வாக்காளர் பட்டியல் அவர்களைத் தனித்தனி ஆளாக எண்ணுகிறது, மந்தை எண்ணுவதில்லை. ஏலத்தால் ஊரே ஒற்றுமையாக இருக்கிறது என்று சொல்கிற அண்ணன்மார்கள், யாரைக் கேட்டு அந்த ஒற்றுமை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2019 தேர்தலில் எங்கள் வார்டில் நான் மனுப்போட்டபோது காப்புத்தொகை 200 ரூபாய். என்னை முன்மொழிய யாரும் வரமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் மாமியார்தான் கையெழுத்துப் போட்டார். ஒன்றிய ஊழியர் ஐயா சொன்னதுபோல அதைக் கடைசி நாள் வரை நாங்கள் இருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. மனுப்போட்ட அன்று மாலையே நான்கைந்து பேர் வாசலில் வந்து நின்று, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று சத்தம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லவில்லை. மாமியார் திண்ணையில் இருந்தபடியே, என்னைக் கேட்டுத்தான் கொடுத்தாள், வேறு யாரைக் கேட்க வேண்டும் என்றார். வயதானவரிடம் மேற்கொண்டு பேச அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. மேலூர்த் தம்பி தன் அண்ணனுக்கு முன்மொழிபவராக வீட்டில் உள்ள வயதான பெண் ஒருவரை யோசித்துப் பார்க்கலாம். மூப்புக்கு மட்டும் நம் ஊர்களில் இன்னும் மரியாதை மிச்சம் இருக்கிறது.

வாடிப்பட்டி அண்ணன் சொல்கிற பகை எங்கள் ஊரிலும் வந்தது, ஒரு பொங்கல் வரை இருந்தது. அதற்குப் பிறகு கிராமசபையில் நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்டபோது, அன்று வாசலில் நின்று சத்தம் போட்டவர்களில் ஒருவரே எனக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். அவர் பெயரில் வருகைப்பதிவு இருந்ததாம், கூலி வரவில்லையாம். தன் கூலிக்காகத்தான் தூக்கினார், எனக்காக இல்லை. ஆனாலும் தூக்கினார்.

மேலூர்ப் பக்கத்தான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டியலில் எங்கள் மூவர் பெயரும் இருப்பதைப் பார்த்துவிட்டேன். எங்கள் அப்பத்தாவின் பெயரும் அதே பாகத்தில் இருக்கிறது. அவரிடம் இன்னும் பேசவில்லை. கோயில் காரியம் என்றால் தயங்குவார், ஆனால் சத்தியம் எதுவும் அவர் செய்திருக்கவில்லை. ஆட்சியருக்கும் ஆணையத்துக்கும் மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பெயர் போட்டு அனுப்புவதா, மொட்டைக் கடிதமாக அனுப்புவதா என்பதில்தான் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. வாடிப்பட்டி அண்ணனுக்கு ஒரு வார்த்தை: திருப்பணிக்கு எங்களால் ஆனதை நாங்களும் கொடுக்கத்தான் போகிறோம், ரசீதில் நன்கொடை என்று எழுதி வாங்கிக்கொள்வோம். வழக்கறிஞர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி: அமாவாசைக் கூட்டத்தில் நடப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்தால் அது சாட்சியமாக நிற்குமா?

ஒத்தக்கடை வழக்கறிஞர் எழுதியது:

நிற்கும், ஆனால் பதிவு செய்த கைப்பேசியை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஒன்றைப் பதிவைத் தருகிறவரும் மற்றொன்றை வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப இறக்கிய துண்டுப் பதிவைக் கொண்டுவந்தால், எங்கே வெட்டினாய், எங்கே ஒட்டினாய் என்ற கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடும். கூட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிவாக எடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், நினைவக அட்டையை மாற்றாதீர்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டாம். சட்டைப் பையில் வைத்துக் குரலை மட்டும் பதிந்தால் போதும்.

மனுவைப் பெயர் போட்டே அனுப்புங்கள். மொட்டைக் கடிதத்துக்கு ஒப்புகை அட்டை திரும்பி வராது. அட்டை இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்பவருக்கு முதல் கேள்விக்கே பதில் இருக்காது. ஊரில் உள்ள அண்ணன் பெயரில் அனுப்பத் தயக்கம் என்றால், மதுரையில் இருக்கும் உங்கள் பெயரில், ஊராட்சி முகவரியும் வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் குறிப்பிட்டும் அனுப்பலாம். அமாவாசைக்கு முன்பே அட்டை உங்கள் கைக்கு வந்து சேரும்படி இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.